வாஸ்து மீனும் செல்வமேரியின் கையும்

நடந்து போகிறவர்களே, சற்று நில்லுங்கள். ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலை முதுகுக்குப் பின்னே விட்டு, ஊரப்பாக்கத்தின் உள்தெரு ஒன்றில் என்னோடு திரும்புங்கள். ‘பொன்வயல் அபார்ட்மெண்ட்ஸ்’ என்று பொன்னெழுத்தில் எழுதிய கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே போகலாம், காலில் நல்ல செருப்பு இருந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். முன்கூடத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதன் எதிரே வந்து நின்று பாருங்கள். குற்றம் நடந்த இடம் அது.

தொட்டியில் ஒரே ஒரு மீன். நெற்றியில் வீங்கிய கொண்டை, செக்கச் சிவந்த உடல், விலாவில் யாரோ மை தொட்டு எழுதியதைப் போன்ற கறுப்புக் கோடுகள். கண்ணாடிக்கு அருகே விரலைக் கொண்டுபோனால் முட்ட வரும். சில மாதங்களுக்கு முன் இதே நீரில் மோலிகளும் பிளாட்டிகளும் கப்பிகளும் கூடி நீந்தின. இன்று ஒன்றுகூட இல்லை. அவற்றைக் கொன்றது இந்த மீன்தான். ஆனால் மீனைக் கூண்டில் ஏற்ற நான் உங்களை அழைக்கவில்லை. மீனுக்குப் பசி உண்டு; எல்லை உண்டு; இயல்பு உண்டு; பொய் கிடையாது. பொய் சொன்னவர் ஒரு மனிதர். பெயர் தினகரன். இந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கெட்டவர் அல்லர். அதுதான் இதிலுள்ள கொடுமை.

சங்கத்தில் அவருக்கு ‘மீன் சார்’ என்று பெயர். பொத்தேரியில் படித்த காலத்தில் விடுதி அறையிலேயே மீன் வளர்த்தவர். முன்கூடத்துக்கு அழகாக ஒரு தொட்டி வைக்கலாம் என்று சங்கம் முடிவு செய்தபோது எல்லோருடைய கண்ணும் அவர்மேல்தான் விழுந்தது. அவரும் மனத்தை முழுவதுமாக அதில் வைத்தார். தண்ணீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, தொட்டி பக்குவப்படட்டும் என்று மீனே விடாமல் வாரக்கணக்கில் காத்திருந்தார்.

“இன்னாப்பா தினா, தண்ணிக்கு மட்டும் ஷோகேஸ் கட்டிக்கீறியா?” என்று கேலி செய்தார் சங்கத் தலைவர் பொன்னுரங்கம். இந்தக் கட்டடம் எழுந்த நிலம் ஒரு காலத்தில் அவருடைய நெல்வயல். கட்டடத்தில் இன்றும் பாதி வீடுகள் அவருடையவை.

“மீனை மாத்தலாம்ணா, தண்ணியை மாத்த முடியாது. தண்ணிக்கேத்த மீனைத்தான் தேடணும்” என்றார் தினகரன்.

அவர் சொன்னது உண்மை. ஊரப்பாக்கத்து போர்வெல் தண்ணீர் கடினமானது. குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். நியான் டெட்ரா அதில் வாடும். மோலியும் பிளாட்டியும் கப்பியும் செழிக்கும். எனவே அவற்றைத் தேர்ந்தார். ஏஞ்சல் மீன் அழகுதான், ஆனால் வளர்ந்தபின் வாய்க்குள் அடங்குவதையெல்லாம் உணவென்று கொள்ளும். ஆகாது என்றார். டைகர் பார்ப், நீண்ட வாலைக் கண்டால் கடித்துப் பார்க்கும். வேண்டாம் என்றார். ஆண் மீன்கள் துரத்தித் துரத்திப் பெண் மீன்களை வதைக்காதிருக்கப் பெண் மீன்களைக் கூடுதலாக வாங்கினார். மேல்நீரில் கப்பி, நடுநீரில் பிளாட்டியும் மோலியும், அடிமணலைத் துழாவ மீசை வைத்த கோரி என்று ஒன்றின் இடத்துக்கு மற்றொன்று போட்டிக்கு வராதபடி பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்.

பெண் பார்க்கப் போனால் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாடு இது. மீனுக்குப் பார்க்க வேண்டியவை மூன்றே: தண்ணீர், குணம், வளர்ந்தபின் வரும் உருவம். மூன்றையும் பார்க்கத் தெரிந்தவர் தினகரன். இதை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் அவருக்காக நீங்கள் இரங்கும்போது, அறியாமை என்னும் அடைக்கலத்தை அவருக்குத் தந்துவிடாதீர்கள்.

காலையில் முதல் மின்ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் ஆகையால், தீனி போடும் வேலையைச் செல்வமேரியிடம் கொடுத்தார். படிக்கட்டும் முன்கூடமும் பெருக்கித் துடைக்க ஏஜென்சி மூலம் வந்தவர் அவர். ரயில் பாதைக்கு அந்தப்புறம் மகளோடும் பேரப்பிள்ளையோடும் வாழ்கிறவர். ஒரு சிட்டிகைதான், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் என்று தினகரன் காட்டிக் கொடுத்தார். அதற்குமேல் ஒரு துகளும் செல்வமேரி போட்டதில்லை.

“சார், இங்க பார்க்கிங்குக்குக் கூட டெய்லி அடிச்சிக்கிறாங்க. இதுங்க எவ்ளோ ஒத்துமையா கீதுங்க பாத்தீங்களா? இதுல ஒண்ண நம்ம சங்கத்துக்குத் தலைவராப் போட்டுடலாம்.”

“மெதுவாப் பேசுங்கக்கா, அண்ணன் காதுல விழப்போவுது” என்று தினகரன் சிரித்தார்.

அப்படிச் சிரித்த மனிதர்தான்.

ஒரு மழைக்காலத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றது. இரண்டு வீடுகள் வாடகைக்குப் போகாமல் பூட்டிக் கிடந்தன. பொன்னுரங்கம் ஈரப்படியில் சறுக்கி விழுந்து முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். லிஃப்ட்டுக்கு மெக்கானிக் வேண்டும். படிக்குச் சொரசொரப்பான கல் வேண்டும். ஆனால் அவர் மனைவி தையல்நாயகிக்கு வேறு மருந்து தோன்றியது. சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னார்:

“தொட்டி வச்சும் ஒண்ணும் வெளங்கல. இந்தப் பொடி மீனுங்க எதுக்கு உதவும்? கொண்டை வச்ச வாஸ்து மீனு ஒண்ணு வாங்கி வுடு தினா. கட்டடத்துக்கு வர்ற திருஷ்டியெல்லாம் அது தாங்கிக்கும்.”

“அக்கா, அது ஃபிளவர்ஹார்ன். தனியா வாழற மீனு. மத்ததோட சேர்த்து விட்டா…”

“நீதானப்பா கம்யூனிட்டி டேங்க், எல்லா மீனும் கூடி வாழற தொட்டின்னு கிளாஸ் எடுத்த?” என்றார் பொன்னுரங்கம். “இப்ப புதுசா ஒருத்தன் வந்தா இடம் இல்லன்ற. எல்லாம் அனுசரிச்சுப் போவும், போ!”

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது தினகரனும் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கென்று தனியாக ஒரு தொட்டி வாங்கலாம் என்று சொல்லியிருக்கலாம். முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். முடியாது என்று சொல்கிறவன் ‘மீன் சார்’ ஆக எத்தனை நாள் இருப்பான்? தலைவர் முகம் சுளித்தால் செயலாளர் நாற்காலி எத்தனை நாள் நிற்கும்? அவர் சொன்னது இதுதான்:

“சரிண்ணா. நான் பாத்துக்கறேன்.”

மேற்குத் தாம்பரத்து மீன் கடையில் அரிகிருஷ்ணன் என்பவர், விரல் நீளமே உள்ள குட்டி ஃபிளவர்ஹார்ன் ஒன்றைப் பையில் பிடித்துக் காற்று நிரப்பி முடிச்சுப் போட்டார். போட்டுக்கொண்டே வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்:

“தனித் தொட்டிக்குதான சார்?”

“ஆமா” என்றார் தினகரன்.

கேட்டீர்களா? ஒரே ஒரு சொல். முதல் பொய் எப்போதும் இப்படித்தான் வரும். கையில் ஆயுதம் இருக்காது. காற்று நிரப்பிய பை இருக்கும்.

*

குட்டி வளர்ந்தது. வளர வளரத் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று அறிந்துகொண்டது. முதலில் கப்பிகளின் வால்கள் குறைந்தன. பிறகு கப்பிகளே குறைந்தன. ஒரு நாள் காலை மோலி ஒன்று வடிகட்டியின் ஓரத்தில் கண்ணில்லாமல் மிதந்தது. செல்வமேரி அதை வலையால் எடுத்துத் துணியில் வைத்துக்கொண்டு, ரயிலுக்கு ஓடிய தினகரனை வாசலில் மறித்தார்.

“சார், அந்த மண்டை வீங்கினது வேல இது. என் கண்ணால பாத்தேன். ஓரங்கட்டி ஓரங்கட்டிக் கொத்துது சார். அத்த வேற எங்கனா எட்துனு போய் வுட்டுடுங்க.”

“தண்ணி சரியில்லக்கா. நான் பாக்கறேன்.”

“தண்ணியா கண்ணத் தோண்டும்?”

தினகரன் மணியைப் பார்த்தார். ரயில் வந்துவிடும் என்றார். பொன்னுரங்கத்திடம் பேசுவோம், இந்த வாரம் பேசுவோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நாளைக்குப் பேசுவோம் என்கிறவனுடைய நாளையில்தான் பிறர் மடிகிறார்கள். அந்த வாரத்துக்குள் அடிமணல் கோரிகளும் போயின.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தையல்நாயகி தொட்டியைக் காட்டி நின்றார். எல்லா நாற்காலிகளும் அந்தப் பக்கம் திரும்பின. செல்வமேரி படிக்கட்டின் அடியில், துடைப்பக் கட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“நான் யாரையும் ஒண்ணும் சொல்லல” என்று தொடங்கினார் தையல்நாயகி. இந்த நாட்டில் மிகக் கொடிய சொற்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன. “வாஸ்து மீனுன்னா அது சாதாரண மீனு இல்ல. அது வந்ததுல இருந்து இத்தினி சாவு வுழுதுன்னா, அதுக்கு யார் கையால சாப்பாடு போவுதுன்னு பாக்கணும். கைராசின்னு ஒண்ணு கீதில்ல?”

கைராசி! மருத்துவரைப் புகழ நாம் சொல்கிற சொல். விதை விதைக்கிறவரை வாழ்த்தச் சொல்கிற சொல். அந்த இனிய சொல்லைப் போர்வையாக்கி, உள்ளே எதை வைத்துக் கொண்டுவந்தார்கள் என்று அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ‘யார் கை’ என்று கேட்டால், அது ‘எந்தத் தெருக் கை’ என்பதுதான். ‘எந்தச் சாதிக் கை’ என்பதுதான். அதே கை துடைத்த தரையில் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டே கேட்டார்கள். ஒருவரும் முகம் சிவக்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார்கள். அலைபேசியைப் பார்த்தார்கள்.

செல்வமேரி தினகரனைப் பார்த்தார்.

“சார், நீங்க சொல்லுங்க சார். நீங்க காட்டிக் குடுத்த அளவுதான போட்டேன்? அந்த மீனு கொத்துறத உங்ககிட்ட சொன்னனா இல்லியா?”

எல்லோரும் தினகரனைப் பார்த்தார்கள். அவருடைய நா எழுந்தது, ஆம், எழுந்தது. ‘மீன்களைக் கொன்றது நான் கொண்டுவந்த மீன், அது கொல்லும் என்று எனக்கு முன்பே தெரியும்’ என்னும் உண்மை தொண்டைவரை வந்தது. அங்கே அது ‘மீன் சார்’ என்னும் பெயரில் இடறி விழுந்தது.

“தீனி… கொஞ்சம் அதிகமாப் போயிருக்கலாம்” என்றார்.

அவ்வளவுதான். ஏஜென்சிக்குத் தகவல் போனது. ஆளை மாற்றச் சொன்னார்கள். செல்வமேரி கட்டையைச் சுவரில் சாய்த்தார். தீனி டப்பாவைத் தொட்டியின் மேல் வைத்தார். வைத்துவிட்டு, தன் கையை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதைத் தினகரன் கண்டார்.

*

வீட்டில் அவருடைய மனைவி தேவதர்ஷினி குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: “தீனி அதிகமாப் போனா கண்ணு போகுமாங்க?”

“விடும்மா, அந்தப் பேச்சை.”

“நான் விட்டுடறேன். நீங்க விட மாட்டீங்க. பாருங்க, சாதத்தைப் பிசையாம அப்படியே உக்காந்திருக்கீங்க.”

உண்மைதான். அவரால் அதை விட முடியவில்லை. முன்கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் தொட்டியின் பக்கம் பாராமல் நடந்தார். ஆனால் தனியாக இருந்த அந்த மீன் மனித நிழலைக் கண்டால் தீனிக்காகக் கண்ணாடியில் முட்டும். ‘டக்’ என்ற அந்த ஓசை அவருடைய முதுகில் வந்து தட்டும். இப்போது தீனி போடுகிறவர் அவரே. ஒரு சிட்டிகை எடுக்கும்போதெல்லாம் விரல்களைப் பார்ப்பார். ராசியுள்ள கை என்று ஊர் ஒத்துக்கொண்ட கை. மோலியையும் பிளாட்டியையும் கோரியையும் கொன்ற கை. அதை ஒருவரும் பார்க்கவில்லை என்பதே அவருக்குப் பெரிய வதையாக இருந்தது.

இதற்கிடையில் லிஃப்ட்டுக்கு மெக்கானிக் வந்தார், லிஃப்ட் ஓடியது. “பாத்தியா? கையை மாத்தினோம், எல்லாம் சரியாப்பூட்ச்சி” என்றார் தையல்நாயகி. தினகரன் அதற்கும் தலையசைத்தார்.

பிறகு ஒரு மாலை, ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கியபோது நடைமேடை இருக்கையில் செல்வமேரியைக் கண்டார். ஒதுங்கிப் போயிருப்பார். ஆனால் அவரே கூப்பிட்டார்.

“சார், நல்லா கீறீங்களா?”

“இருக்கேன்க்கா. வேலை…?”

“பொத்தேரி பக்கம் ஒரு ஹாஸ்டல்ல சமையக்கட்டுக்கு ஆள் கேட்டாங்க. ஏஜென்சிக்காரரு போன்லயே சொல்லிட்டாரு. அந்தம்மா கை ராசியில்ல, அபார்ட்மெண்ட்ல மீனெல்லாம் செத்துப்பூட்ச்சின்னு. சிரிச்சிகினே சொன்னாராம். அவுங்களும் சிரிச்சிகினே வேணான்ட்டாங்க.” அவரும் சிறிது சிரித்தார். “வேல வுடுங்க சார், எங்கனா கெடைக்கும். எனக்கு வேற பேஜார்.”

“என்னக்கா?”

“நேத்து எம் பேரனுக்குச் சோறு பெசஞ்சேன். வாயாண்ட கொண்டுபோனேன். அப்படியே கை நின்னுபூட்ச்சி சார். ஊட்ட முடியல. மககிட்ட நீயே ஊட்டும்மான்னு குட்த்துட்டேன்.” குரல் இறங்கியது. “நீங்க படிச்சவரு. மீனப் பத்தித் தெரிஞ்சவரு. கேக்கறேன்னு நெனைக்காதீங்க. ஒருவேள நெசமா இருக்குமோ சார்?”

கேளுங்கள், இதுதான் குற்றம். வேலை போனது இழப்பு. அதை வேறிடத்தில் தேடலாம். தன் கையே தன் பேரனுக்கு நஞ்சோ என்று ஒரு பெண்ணை அஞ்ச வைத்தார்களே, அதுதான் குற்றம். இழிவைச் சுமத்துகிறவர்களின் வெற்றி, சுமக்கிறவர் அதை நம்பத் தொடங்கும் நொடியில் முழுமை பெறுகிறது. அந்த நொடி ஊரப்பாக்கத்து நடைமேடையில், முறுக்கு விற்கிறவரின் குரலுக்கு நடுவே, தினகரனின் கண்ணெதிரில் நின்றது.

செல்வமேரியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இல்லக்கா. சத்தியமா இல்ல. உங்க கையில ஒண்ணும் இல்ல. அந்த மீனு மத்ததைக் கொன்னுடும்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன். கடைக்காரர்கிட்டகூடப் பொய் சொன்னேன். நீங்க போட்ட தீனி சரியான அளவு. கூட்டத்துல நான் சொன்னது பொய். மீனுங்களைக் கொன்னது நான்தான்.”

செல்வமேரி அவர் பக்கம் திரும்பினார். தாம்பரம் பக்கமிருந்து ஒரு ரயில் வந்து, ஆட்களைக் கொட்டிவிட்டுப் போனது. அழுவார் என்று தினகரன் எதிர்பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தார்.

“இங்க எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?” என்றார் அவர். அதுவரை ‘நீங்க’ என்று பேசியவர் இப்போது அந்த மரியாதையை எடுத்துவிட்டார். “என்னிய அத்தினி பேர் முன்னால நிக்க வச்ச. அங்க போய்ச் சொல்லு.”

எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாலத்துப் படியேறிப் போய்விட்டார்.

*

அடுத்த ஞாயிறு வந்தது. அதே கூடம், அதே நாற்காலிகள், அதே தொட்டி. தினகரன் எழுந்து நின்றார். கையில் குறிப்பு ஏதும் இல்லை. கடைக்காரரிடம் சொன்ன ‘ஆமா’ முதல் கூட்டத்தில் சொன்ன ‘கொஞ்சம் அதிகம்’ வரை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நடைமேடையில் கேட்ட கேள்வியையும் சொன்னார்.

“செத்தது மீனுப்பா” என்றார் தையல்நாயகி. “அதுக்கு இம்மாம் பெரிய பேச்சா?”

“மீனுக்காகப் பேசலக்கா. ஒருத்தங்க கைக்காகப் பேசறேன்.”

“சரி, இன்னா பண்ணணும்ன்ற?” என்று கேட்டார் பொன்னுரங்கம். இந்த முறை அவர் கேலி செய்யவில்லை; அது கேலியைவிடக் குளிர்ந்திருந்தது.

“இந்த மீனுக்குத் தனித் தொட்டி நானே வச்சுக்கறேன். அது என் பொறுப்பு. ஆனா அவங்க கையைப் பத்தி இங்க சொன்னது பொய்னு சங்கம் ஏஜென்சிக்குச் சொல்லணும். நாம எல்லாரும் அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும். வர இஷ்டம்னா வேலையைத் திரும்பத் தரணும்.”

“செயலாளர் வேலைய நாளைக்கே வேற யார்கிட்டனா குட்த்துடலாம். அது வேற விஷயம்.” பொன்னுரங்கம் அன்று அடிபட்ட காலை நீட்டிக்கொண்டார். “இதுக்கு ஒத்துக்கறவங்க கையத் தூக்குங்க. வூட்டுக்கு ஒரு கை.”

தினகரன் கையை உயர்த்தினார். சுவரோரம் நின்ற தேவதர்ஷினியும் உயர்த்தினார். ‘வூட்டுக்கு ஒண்ணுதான்மா’ என்றார்கள். இறக்காமலே நின்றார். மற்றவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள், அலைபேசியைப் பார்த்தார்கள், தொட்டியைப் பார்த்தார்கள். தொட்டிக்குள் கொண்டை மீன் கண்ணாடியில் ஒரு முறை முட்டியது.

வாசகரே, நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்லர். அந்தக் கூடம் ஊரப்பாக்கத்தில் மட்டும் இல்லை. உங்கள் கட்டடத்திலும் இருக்கிறது, உங்கள் அலுவலகத்திலும் இருக்கிறது, உங்கள் வீட்டுச் சமையலறை வாசலிலும் இருக்கிறது. அங்கேயும் ஒரு செல்வமேரி, கட்டையைப் பிடித்தபடி, யார் வாயாவது திறக்குமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? மின்விசிறியையா? அங்கே ஒரு மனிதர் செய்த குற்றத்தைச் சொல்லிவிட்டுத் தனியாகக் கையை உயர்த்தி நிற்கிறார். தோள் கடுக்கத் தொடங்கிவிட்டது. கூடத்தில் இன்னும் இருக்கைகள் இருக்கின்றன. போய் உட்காருங்கள்.

கையைத் தூக்குங்கள்.